எதோடு ஒப்பிட்டீர்கள்? நோயெதிர்ப்பியல் ஆய்வுப் படிப்பு உண்மையில் கற்றுத்தருவது என்ன

1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் க்ளிக் என்ற ஆய்வு மாணவர் பறவைகளின் ஓர் உறுப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். கழிவாய்க்கு அருகில் இருக்கும் சின்னஞ்சிறு பை அது. ஃபாப்ரீசியஸ் என்ற உடற்கூறியலாளர் விவரித்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது எதற்காக இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பேராசிரியரிடம் கேட்டபோது நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்றாராம். க்ளிக் கோழிக்குஞ்சுகளில் அந்தப் பையை வெட்டி எடுத்துவிட்டு வளர்த்துப் பார்த்தார். குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் திமோத்தி சாங் என்ற இன்னொரு மாணவருக்கு ஒரு தேவை வந்தது. கிருமிகளை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் எப்படி உருவாகிறது என்று வகுப்பில் செய்து காட்ட அவருக்குச் சில கோழிகள் வேண்டியிருந்தன. க்ளிக்கின் பழைய கோழிகளை வாங்கிப்போய், சால்மொனெல்லா கிருமியின் சரக்கை ஊசியால் ஏற்றினார். எதிர்ப்பொருள் வரவேயில்லை. சோதனை சொதப்பிவிட்டது என்று இருவரும் விட்டுவிடாமல் உட்கார்ந்து யோசித்தார்கள். பை உள்ள கோழிகளையும் பை எடுக்கப்பட்ட கோழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி செய்தார்கள். பை இல்லாதவை எதிர்ப்பொருள் தயாரிக்கவில்லை. கட்டுரையை 'சயின்ஸ்' இதழ் திருப்பி அனுப்பியது. 1956இல் கோழி வளர்ப்பு ஆய்விதழான 'போல்ட்ரி சயின்ஸ்' வெளியிட்டது. நோயெதிர்ப்பியல் ஆட்கள் கோழி இதழைப் படிக்கும் வழக்கம் இல்லாததால் பல வருடம் அது யார் கண்ணிலும் படவில்லை. எதிர்ப்பொருள் தயாரிக்கும் வெள்ளையணுக்களுக்கு இன்று நாம் சொல்லும் 'பி செல்' என்ற பெயரில் உள்ள 'பி', 'பர்சா' என்ற அந்தப் பையின் பெயரின் முதலெழுத்துதான்.

நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம் படிப்பது என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். அதிர்ஷ்டம் எப்படி அடிக்கும் என்று காட்டுவதற்காக அல்ல. வகுப்பில் தோற்றுப்போன ஒரு செயல்விளக்கத்தைக் கண்டுபிடிப்பாக மாற்றியது ஒரே ஒரு காரியம்: எதோடு எதை ஒப்பிட வேண்டும் என்று அந்த மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தத் துறையின் ஐந்தாறு வருடப் பயிற்சி முழுவதும் சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்குத்தான் வருகிறது. உயிரணுப் பெயர்கள், கருவிகள், மென்பொருள்கள் எல்லாம் வழியில் சேர்ந்துகொள்பவை.

பெயர்களின் காடு

புதிதாக வரும் மாணவரை முதலில் மிரட்டுவது சொற்கள். வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களுக்குச் 'சிடி' என்ற எழுத்துகளோடு எண் கொடுத்திருக்கிறார்கள். வரிசை 370ஐத் தாண்டிவிட்டது. உயிரணுக்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இன்டர்லூக்கின்கள் ஏறத்தாழ நாற்பது. இவை போதாதென்று கீமோகைன்கள், அவற்றின் ஏற்பிகள், ஒரே மூலக்கூறுக்கு இரண்டு மூன்று பழைய பெயர்கள். மொழி கற்பது போல முதல் வருடம் ஓடிவிடும். இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தினமும் புழங்கினால் தானாக வந்துவிடும்.

உண்மையான சிக்கல் வேறு. இதயத்தையோ சிறுநீரகத்தையோ படிப்பவர்களுக்கு ஓர் உறுப்பு இருக்கிறது, அதற்கு ஓர் இடம் இருக்கிறது. நோயெதிர்ப்பு மண்டலம் உடல் முழுக்க நடமாடிக்கொண்டிருக்கிறது. மனிதர்களிடமிருந்து ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுப்பது இரத்தம். உடலில் உள்ள நிணவணுக்களில், அதாவது பி செல் போன்ற வெள்ளையணுக்களில், எந்த நேரத்திலும் இரத்தத்தில் இருப்பவையோ சுமார் 2 சதவீதம்தான். மீதியெல்லாம் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் குடலிலும் தோலிலும் இருக்கின்றன. ஆக, ஓர் இரத்த மாதிரியைப் பார்த்து ஏதாவது சொல்லும்போதே பார்க்காத 98 சதவீதத்தைப் பற்றி என்ன அனுமானம் செய்கிறோம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

இந்தத் துறைக்கு வருபவர்கள் ஒரே பாதையில் வருவதில்லை என்பது ஒரு நல்ல விஷயம். மருத்துவம், கால்நடை மருத்துவம், உயிர்வேதியியல், கணிதம், பொறியியல் என்று எங்கிருந்தும் வருகிறார்கள். தைமஸ் சுரப்பியில் முதிரும் வெள்ளையணுக்களான டி செல்கள் கிருமி தொற்றிய உயிரணுவை எப்படி அடையாளம் காண்கின்றன என்பதைக் கண்டுபிடித்து 1996இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் பீட்டர் டோஹர்ட்டி கால்நடை மருத்துவர். இன்னொருவரான ரோல்ஃப் சிங்கர்நாகல் மருத்துவர். கான்பெராவில் இடப்பற்றாக்குறையால் ஒரே ஆய்வறையைப் பகிர்ந்துகொண்டவர்கள் அவர்கள். எதிர்ப்பொருள் மரபணுக்கள் துண்டுகளாக வெட்டி ஒட்டப்படுகின்றன என்று காட்டிய சுசுமு டோனெகாவா பயிற்சியால் மூலக்கூறு உயிரியலாளர். எனவே இளங்கலையில் நோயெதிர்ப்பியல் ஒரு தாள்கூடப் படிக்கவில்லையே என்று தயங்குபவர்களின் பயத்துக்கு அடிப்படை இல்லை.

பாடப்புத்தகம் மாறிய கதை

முதல் வருட வகுப்புகளில் சொல்லித்தரப்படுவது நிலையான அறிவு என்று நினைத்துக்கொண்டால் சிரமம். ஒரே ஓர் அறுவை சிகிச்சையின் கதையைப் பார்த்தாலே இது புரியும்.

1960 வாக்கில் லண்டனில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர் ஜாக் மில்லர். எலிகளில் வைரஸால் வரும் இரத்தப் புற்றுநோய்தான் அவருடைய தலைப்பு. அதற்காகப் பிறந்தவுடனே குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அகற்றினார். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சுரப்பிக்கு நோயெதிர்ப்பில் பங்கு இல்லை என்பதே அன்றைய பொதுக்கருத்து. ஆனால் அந்தக் குட்டிகள் மெலிந்து சாகத் தொடங்கின. அவற்றில் நிணவணுக்கள் குறைவாக இருந்தன; வேறு எலியின் தோலை ஒட்டினால் அதை நிராகரிக்கவும் முடியவில்லை. தைமஸ் இல்லாவிட்டால் நோயெதிர்ப்பு இல்லை என்றார் மில்லர்.

உடனே எதிர்ப்பு வந்தது. அவருடைய எலிகள் வளர்ந்தது குதிரை லாயத்தை மாற்றியமைத்த கூடத்தில். அங்கே ஏதோ தொற்று வந்துதான் அவை பலவீனமாகியிருக்கும் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். மில்லர் அமெரிக்கா போய், கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில் அதே அறுவையைச் செய்து பார்த்தார். தொற்று இல்லாமலே அவை அயல் தோலை ஏற்றுக்கொண்டன. வாதம் அதோடு தீர்ந்தது. ஆய்வேட்டுக்காகச் செய்த முதல் சோதனையைவிட, எதிராளியின் சந்தேகத்துக்குப் பதிலாகச் செய்த இந்த இரண்டாவது சோதனையைத்தான் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கதை அங்கே நிற்கவில்லை. 1969இல் ஜப்பானில் யசுவாக்கி நிஷிசுகாவும் டெருயோ சக்காகுராவும் அதே அறுவையைப் பிறந்த மூன்றாவது நாளில் செய்தார்கள். எதிர்பார்த்தபடி நோயெதிர்ப்பு அழியவில்லை. எலியின் சினைப்பை சிதைந்தது. பின்னர் மற்ற உறுப்புகளும் உடலின் சொந்தத் தாக்குதலுக்கு ஆளாவது தெரிந்தது. பிறந்த அன்று எடுத்தால் எதிர்ப்புக் குறைவு, மூன்று நாள் கழித்து எடுத்தால் எதிர்ப்பு வரம்பு மீறுகிறது. அப்படியென்றால் தைமஸிலிருந்து சற்றுத் தாமதமாக வெளிவரும் ஏதோ ஒரு வகை உயிரணு மற்றவற்றை அடக்கி வைக்கிறது என்றுதானே அர்த்தம்?

அடக்கும் டி செல்கள் என்ற எண்ணம் 1970களில் பெரிய அலையாக எழுந்தது. ஏராளமான கட்டுரைகள், சிக்கலான வரைபடங்கள், ஒன்றையொன்று தூண்டும் பலவகை அடக்கு காரணிகள். அந்தக் காரணிகளின் மரபணு எலியின் குரோமோசோமில் 'ஐ-ஜே' என்ற இடத்தில் இருப்பதாக நம்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் மூலக்கூறு உயிரியல் கருவிகள் வந்து அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தபோது அங்கே அப்படி ஒரு மரபணுவே இல்லை. துறை சரிந்தது. அடக்கும் செல் என்ற பெயரைச் சொல்லவே ஆய்வாளர்கள் கூச்சப்பட்டார்கள்.

ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி விடவில்லை. மூன்றாம் நாள் அறுவை செய்த எலிகளுக்கு நலமான எலிகளின் டி செல்களைக் கொடுத்தால் நோய் வராமல் தடுக்க முடிகிறது என்ற அடிப்படையான உண்மை அவர் கையில் இருந்தது. அந்தத் திறமை எந்த டி செல்லில் இருக்கிறது என்று வருடக்கணக்கில் பிரித்துப் பார்த்து, 1995இல் சிடி25 என்ற அடையாளம் கொண்ட செல்கள்தான் என்று காட்டினார். 2001இல் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும், பிறப்பிலேயே நோயுற்ற ஒருவகை எலியில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், அதுதான் ஃபாக்ஸ்பி3. அந்தச் செல்களின் உருவாக்கத்தை ஆளும் மரபணு அதுவே என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் தெளிவானது. மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

1970களில் இதே எண்ணத்தை வைத்துக்கொண்டு தோற்றவர்களுக்கும் 1995இல் வென்றவருக்கும் என்ன வித்தியாசம்? எண்ணம் ஏறத்தாழ ஒன்றுதான். முன்னவர்கள் ஒரு காரணியின் மேல் இன்னொரு காரணியை அடுக்கிக்கொண்டே போனார்கள். பின்னவரிடம் செல்லைக் கையில் பிடித்து, எடுத்தால் நோய், கொடுத்தால் குணம் என்று இரண்டு பக்கமும் காட்டக்கூடிய ஒப்பீடு இருந்தது. இந்த வரலாறு பல பாடத்திட்டங்களில் ஒரு வரியில் கடந்துபோகிறது. என்னைக் கேட்டால் ஒரு முழு வாரம் கொடுக்கலாம்.

படிப்பின் சட்டகம்

நாட்டுக்கு நாடு அமைப்பு மாறுகிறது. அமெரிக்காவில் பொதுவாக இளங்கலையிலிருந்தே நேரடியாகச் சேரலாம். ஐந்து முதல் ஆறு வருடம் ஆகும். முதல் வருடத்தில் வகுப்புகளோடு இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் சுழற்சியாக வேலை பார்த்து, அதன் பிறகே வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டாம் ஆண்டு வாக்கில் தகுதித் தேர்வு. பிரிட்டனில் மூன்று நான்கு வருடம். பெரும்பாலும் தலைப்பும் வழிகாட்டியும் சேரும்போதே முடிவாகியிருக்கும். கடைசியில் தேர்வாளர்கள் முன் மூடிய அறையில் வாய்மொழித் தேர்வு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் வெளியான கட்டுரைகளைத் தொகுத்து ஆய்வேடாக்கி, பொதுமக்கள் முன்னிலையில் ஓர் அயல் நிபுணரோடு வாதிட வேண்டும்.

இவற்றில் எது சிறந்தது என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் சுழற்சி முறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: வழிகாட்டியைத் தலைப்பை வைத்துத் தேர்வு செய்யும் தவறிலிருந்து அது காப்பாற்றுகிறது. மாணவர்கள் தலைப்பைப் பார்த்து மயங்குகிறார்கள். புற்றுநோய் சிகிச்சை, குடல் நுண்ணுயிர்கள் என்று கவர்ச்சியாக இருக்கும். ஆனால் தலைப்பு இரண்டு வருடத்தில் மாறிவிடும். வழிகாட்டி மாற மாட்டார். முந்தைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இடையில் விட்டுப்போனவர்கள் உண்டா, எதிர்பார்ப்புக்கு மாறான முடிவைக் கொண்டுபோனால் வழிகாட்டி முகம் எப்படி மாறுகிறது என்று அங்கேயே வேலை செய்பவர்களிடம் தனியாகக் கேட்டுவிடுவது நல்லது. கடைசிக் கேள்விதான் முக்கியம். எதிர்பார்த்த முடிவு மட்டும் வரவேற்கப்படும் இடத்தில் மாணவர் கற்றுக்கொள்வது ஆராய்ச்சி ஆகாது.

மாணவரின் ஆய்வை மேற்பார்க்க ஆண்டுக்கு ஓரிரு முறை கூடும் ஆய்வுக் குழுவைப் பலரும் சடங்காக நினைக்கிறார்கள். வழிகாட்டிக்கும் மாணவருக்கும் இடையே வரும் சிக்கல்களில் மூன்றாவது ஆளாக நிற்கக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. அவர்களில் ஒருவரையாவது நன்றாகப் பழக்கப்படுத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒளிரும் புள்ளிகளின் முன்னால்

நோயெதிர்ப்பியல் மாணவரின் அன்றாடம் எப்படி இருக்கும் என்றால், பாதி நாட்கள் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியைச் சுற்றியே போகும். 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் லியனார்ட் ஹெர்சன்பர்க் குழு உருவாக்கிய உயிரணுப் பிரிப்பானின் வழித்தோன்றல் இது. உயிரணுக்களின் மேல் ஒளிரும் சாயம் ஒட்டிய எதிர்ப்பொருள்களைப் பூசி, ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டால், வினாடிக்கு ஆயிரக்கணக்கான செல்களின் அடையாளம் பதிவாகும். 1975இல் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைனோடு சேர்ந்து ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தக் கருவிக்கு முழுப் பலன் வந்தது. கோலர் அப்போது முனைவர் பட்டம் முடித்த கையோடு கேம்பிரிட்ஜ் வந்திருந்த இளைஞர்.

காலையில் எலியின் மண்ணீரலை எடுத்து, சல்லடையில் தேய்த்துத் தனிச் செல்களாக்கி, சிவப்பணுக்களை வெடிக்கவைத்து நீக்கி, பனிக்கட்டி மேல் வைத்துச் சாயமேற்றி, முன்பதிவு செய்த நேரத்தில் கருவியிடம் ஓட வேண்டும். இதெல்லாம் கை வேலை, ஆறு மாதத்தில் பழகிவிடும். திரையில் புள்ளிகள் விழுந்த பிறகுதான் படிப்பே ஆரம்பிக்கிறது.

ஒரு மூலையில் ஒரு சதவீதம் புள்ளிகள் தனியாகத் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். புதிய வகைச் செல்லா? இறந்த செல்கள் எல்லாச் சாயத்தையும் ஒட்டிக்கொள்ளும். அதனால் இறந்தவற்றைத் தனியே அடையாளம் காட்டும் சாயம் போட்டீர்களா? இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஓடினால் இரண்டின் அடையாளமும் ஒரே புள்ளியில் தெரியும், அவற்றை நீக்கினீர்களா? எதிர்ப்பொருளின் வால்பகுதியை மேக்ரோஃபேஜ் போன்ற செல்கள் சும்மாவே பிடித்துக்கொள்ளும், அதைத் தடுத்தீர்களா? ஒரு சாயத்தின் ஒளி அடுத்த சாயத்தின் பகுதியில் கசியும், அதைச் சரிக்கட்டினீர்களா? எல்லாச் சாயமும் இருந்து, சந்தேகப்படும் அந்த ஒன்று மட்டும் இல்லாத குழாயை ஓட்டிப் பார்த்தீர்களா? இந்தக் கடைசிக் குழாய் பெரும்பாலும் மாணவர் செய்யாமல் விடுவது. கோடு எங்கே போடுவது என்று தீர்மானிப்பது அதுதான். அது இல்லாமல் போட்ட கோட்டை விருப்பப்பட்ட இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம், நகர்த்தவும் செய்கிறார்கள்.

ஆய்வகக் கூட்டத்தில் முதல் முறை இந்தக் கேள்விகளை எதிர்கொள்ளும் மாணவருக்கு அவமானமாகத் தோன்றும். நல்ல ஆய்வகத்தில் இரண்டாம் வருட மாணவர் மற்றவர்களைப் பார்த்து இதே கேள்விகளைக் கேட்க ஆரம்பிப்பார். அந்த நாளில் பயிற்சி பிடித்துவிட்டது என்று சொல்லலாம்.

இப்போது கருவிகள் முப்பது நாற்பது அடையாளங்களை ஒரே நேரத்தில் பார்க்கின்றன. தனிச் செல்லின் ஆர்என்ஏவைப் படிக்கும் முறை வந்த பிறகு ஒரு செல்லுக்கு ஆயிரக்கணக்கான மரபணுக்களின் அளவு கிடைக்கிறது. ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகள் இரண்டில் ஒன்றாவது தெரியாமல் இனி இந்தத் துறையில் காலம் தள்ளுவது கடினம். ஆனால் பழைய கேள்வி போய்விடவில்லை, இன்னும் ஆழத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. மென்பொருள் எந்தத் தரவைக் கொடுத்தாலும் கொத்துக் கொத்தாகப் பிரித்து வண்ணம் பூசிக் கொடுத்துவிடும். அந்தக் கொத்து ஒரு செல் வகையா, ஒரே செல்லின் வேறொரு மனநிலையா, திங்கட்கிழமை தயாரித்த மாதிரிக்கும் வியாழக்கிழமை தயாரித்ததற்கும் உள்ள வேறுபாடா என்று அது சொல்லாது. நோயாளிகளின் மாதிரியை ஒரு நாளும் நலமானவர்களின் மாதிரியை இன்னொரு நாளும் ஓட்டியவருக்கு எந்த மென்பொருளும் உதவ முடியாது.

எந்த எலி, யாருடைய எலி

எலி இல்லாமல் இந்தத் துறை இல்லை. மரபணுவில் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் உள்ளினக் கலப்பு எலிகள் இருப்பதால்தான் ஒப்பீடு சாத்தியமாகிறது. ஆனால் மரபணு ஒன்றாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு நன்றாக ஆட்டிவிட்டது. நியூயார்க்கில் டான் லிட்மேன் குழுவினர், ஒரே இன எலிகளை இரண்டு விற்பனை நிறுவனங்களிடமிருந்து வாங்கி ஒப்பிட்டபோது, குடலில் டிஎச்17 என்ற ஒருவகை டி செல்களின் அளவு பெரிதும் மாறுபட்டது. காரணம், ஒரு நிறுவனத்தின் எலிகளின் குடலில் இழை போன்ற ஒரு பாக்டீரியா இருந்தது, மற்றதில் இல்லை.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மரபணு நீக்கிய எலியைச் சொந்தக் கூண்டில் வளர்த்து, இயல்பான எலியைக் கடையில் வாங்கி ஒப்பிடுவது அதுவரை சர்வசாதாரணம். வித்தியாசம் வந்தால் அது மரபணுவாலா, குடல் பாக்டீரியாவாலா? ஒரே ஈற்றில் பிறந்த, ஒரே கூண்டில் வளர்ந்த உடன்பிறப்புகளைத்தான் ஒப்பிட வேண்டும் என்பது இப்போது கட்டுரை மதிப்பீட்டாளர்கள் முதலில் கேட்கும் விஷயம். அதற்கு இனப்பெருக்கத் திட்டம் மாதக்கணக்கில் நீளும், செலவும் கூடும். குறுக்கு வழியில் போன மாணவர் மூன்றாம் வருடத்தில் மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

2016இல் டேவிட் மாசோபஸ்ட் குழு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆய்வக எலிகள் மிகச் சுத்தமாக வளர்வதால் அவற்றின் நோயெதிர்ப்பு மண்டலம் வளர்ந்த மனிதரைவிடப் பச்சிளங்குழந்தையையே ஒத்திருக்கிறது. செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய எலிகளோடு சேர்த்து வளர்த்தால் அது பெரியவர்களின் நிலையை நெருங்குகிறது. ஒரே கேள்விக்குச் சுத்தமான எலி ஒரு பதிலும் அழுக்கு எலி வேறு பதிலும் சொல்லலாம்.

விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவும் இடம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2006 மார்ச் மாதம் லண்டனில் நடந்தது சாட்சி. டி செல்களின் சிடி28 என்ற ஏற்பியைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருளை ஆறு நலமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் சைட்டோகைன் புயல், அதாவது நோயெதிர்ப்புச் செல்களின் செய்தி மூலக்கூறுகள் கட்டுக்கடங்காமல் பெருகும் நிலை, தொடங்கியது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், ஆனால் உயிர் பிழைத்தார்கள். மனிதரின் நினைவு டி செல்களில் இருக்கும் சிடி28, அந்தக் குரங்கினத்தின் அதே வகைச் செல்களில் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. சோதனைக்குழாயில் மனித இரத்தத்தோடு கலந்து பார்த்தபோதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. எதிர்ப்பொருளைத் தட்டின் அடியில் ஒட்டவைத்துச் செய்தபோதுதான் செல்கள் வெறிகொண்டன. ஒப்பிட எடுத்துக்கொண்ட விலங்கும் சோதித்த விதமும் இரண்டும் தவறிய இடம் இது. மருந்து நிறுவனத்துக்குப் போக நினைக்கும் மாணவர்கள் இந்த நிகழ்வின் விசாரணை அறிக்கையை ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

படிப்பதும் பெயர் போடுவதும்

வாரம் ஒரு கட்டுரையை எடுத்துக் குதறிப் போடும் ஜர்னல் கிளப்பை மாணவர்கள் சலிப்போடு பார்ப்பார்கள். ஆனால் ஒரு கட்டுரை வாழ்க்கையைத் திருப்பிவிட்ட உதாரணமும் இருக்கிறது. 1989இல் சார்லஸ் ஜேன்வே ஒரு நீண்ட கட்டுரையில், தடுப்பூசியில் கிருமிச்சரக்கு எதையாவது கலந்தால்தான் வேலை செய்கிறது என்பது துறையின் அசிங்கமான சின்ன ரகசியம் என்று எழுதினார். கிருமிகளின் பொது அமைப்புகளை அடையாளம் காணும் ஏற்பிகள் உடலில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். மாஸ்கோவில் ஆய்வு மாணவராக இருந்த ருஸ்லான் மெஜிடோவ் அதைப் படித்துவிட்டு ஜேன்வேயைத் தொடர்புகொண்டார், பின்னர் அவருடைய ஆய்வகத்திலேயே சேர்ந்தார். 1997இல் மனிதர்களிடம் உள்ள டோல் ஏற்பி ஒன்றை இருவரும் அறிவித்தார்கள்.

கட்டுரையில் யார் பெயர் எங்கே என்பது மனக்கசப்பு அதிகம் விளையும் இடம். இந்தத் துறையில் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கு. எலி அறுவை ஒருவர், கணினிப் பகுப்பாய்வு ஒருவர், நோயாளி மாதிரி ஒருவர் என்று வேலை பிரிந்துவிட்டதால் முதல் இடத்தை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வது இப்போது வழக்கம். சோதனை தொடங்கும் முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்வதைவிட நல்ல வழி இல்லை. பீட்டர் மெடாவர் 1960இல் நோபல் பெற்றபோது, தன் மாணவர்களாக வந்து 1953இல் பரிசுக்குரிய சோதனைகளைக் கூடச் செய்த ரூபர்ட் பில்லிங்ஹாமுக்கும் லெஸ்லி பிரென்ட்டுக்கும் பரிசுப் பணத்தில் பங்கு அனுப்பினார். எல்லா வழிகாட்டியும் மெடாவர் இல்லை.

பட்டத்துக்குப் பிறகு பெரும்பாலோர் பேராசிரியர் ஆவதில்லை. இது துயரச் செய்தி அல்ல. ஃபாக்ஸ்பி3 கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு பயோடெக் நிறுவனத்தில்தான். 2011இல் ஐப்பிலிமுமாப் என்ற புற்றுநோய் மருந்து, 2017இல் நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துத் தரும் முதல் கார்-டி சிகிச்சை என்று அனுமதிகள் வரத் தொடங்கியதிலிருந்து நோயெதிர்ப்பியல் தெரிந்தவர்களுக்கு மருந்து நிறுவனங்களிலும், ஒழுங்குமுறை அமைப்புகளிலும், பரிசோதனை முறைகளைச் சரிபார்க்கும் வேலைகளிலும் இடம் பெருகியிருக்கிறது. கல்வித்துறைப் பாதையில் போனால் முனைவர் பட்டத்துக்குப் பிறகு இன்னும் நான்கைந்து வருடம் போஸ்ட்டாக் வேலை, தற்காலிக ஒப்பந்தம், ஊர் மாற்றம். குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு இறங்குவது நல்லது.

இதற்கிடையில் பயிற்சியின் தரையே மெல்ல நகர்கிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், எதிர்ப்பொருள் மருந்துகளுக்கான விலங்குச் சோதனைகளைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. அறுவை செய்து எடுத்த டான்சிலிலிருந்து வளர்க்கும் நுண் உறுப்புகள், நோயாளிகளின் திசுக்கள், பெரிய மக்கள் குழுக்களின் தரவு என்று வேலை மனிதப் பக்கம் சாய்கிறது. மனிதர்களில் ஒரே ஈற்றில் பிறந்து ஒரே கூண்டில் வளர்ந்த உடன்பிறப்புகளுக்கு எங்கே போவது? இரட்டையர்கள்தான் அதற்கு மிக அருகில் வருகிறார்கள். 2015இல் 210 இரட்டையர்களை அளந்த ஓர் ஆய்வில், நோயெதிர்ப்பின் 204 அளவுகளில் 77 சதவீதம் மரபணுவைவிடப் பிற காரணங்களாலேயே அதிகம் தீர்மானிக்கப்பட்டன. ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று இருந்தால், அளவுகளில் பாதிக்கு மேல் மாறிப்போயின. அந்த வைரஸ் பலரின் உடலில் அறிகுறியே இல்லாமல் ஆயுள் முழுக்கத் தங்கியிருப்பது. மனித இரத்தத்தில் ஆய்வேடு தொடங்கும் மாணவர், கொடையாளரின் வயதையும் பாலினத்தையும் குறிக்கும் படிவத்தில் இந்தத் தொற்று உண்டா இல்லையா என்பதற்கும் ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ள வேண்டும், முதல் குழாய் இரத்தம் வாங்குவதற்கு முன்பே.